அட்டை இல்லாத நாய்

தபால்காரம்மாவின் வலது கைக் கட்டைவிரலுக்குத் தனியாக ஒரு மூளை இருக்கிறது என்று தபால் நிலையத்தில் சொல்வார்கள். காலை ஏழு மணிக்குப் பிரிப்பு மேசை முன் நின்று கடிதங்களை வீட்டு வரிசைப்படி அடுக்கும்போது, அவள் கண் ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ இருக்கும். வாய் பக்கத்து மேசைக்காரரோடு வம்பளந்துகொண்டிருக்கும். விரல் மட்டும் வேலை பார்க்கும். நாய் இருக்கிற வீட்டின் கடிதத்துக்கு முன்னால் ஒரு சிவப்பு அட்டையைக் குறுக்கே செருகிவிட்டு அடுத்ததற்குப் போகும். பிறகு தெருவில், கட்டிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு நடக்கையில், அதே விரல் அட்டையின் விளிம்பில் இடறும். இடறியதும் கால் நிதானிக்கும். தோளில் கிடக்கும் பை முன்பக்கம் வந்து வயிற்றை மறைத்துக்கொள்ளும். பதினோரு வருடமாக ஒரு கடி கூட வாங்காமல் அவள் வேலை பார்த்த ரகசியம் அவ்வளவுதான்.

பழைய கோப்பு மேலட்டைகளை வெட்டி அவளே செய்துகொண்ட அட்டைகள் அவை. இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு முப்பத்தொன்று. ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் ஒரு வரி இருக்கும். 'பன்னிரண்டாம் எண்: சங்கிலி ஏழடி, எட்டாவது அடியில் நிற்கவும்.' 'நாற்பத்திரண்டு: குரைப்பது நாடகம், வீட்டுக்காரர் முறைப்பதுதான் நிஜம்.' 'எண்பத்தாறு: குரைக்காது. அதுதான் பிரச்சினை.'

ஐம்பத்தேழாம் எண்ணுக்கு மட்டும், நாய் இருந்தும் அட்டை இல்லை. அது ஓய்வு பெற்ற பல் டாக்டரின் வீடு. அங்கே பஞ்சு இருந்தது. பெயருக்கேற்ற வெள்ளை, கன்றுக்குட்டி உயரம். அவள் வருகிற நேரத்துக்குக் கதவருகே வந்து உட்கார்ந்திருக்கும். கடிதத்தை நீட்டினால் பல் படாமல் வாயில் கவ்விக்கொண்டு, ஏதோ அதற்கே வந்த கடிதம் மாதிரி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போகும். டாக்டருக்கு அதில் தாங்க முடியாத பெருமை. ஒன்பது வருடத்தில் என் பஞ்சு ஒரு அட்டை வாங்கியதில்லை என்று பூங்காவில் நடக்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார், பிள்ளை பரீட்சையில் தோற்றதே இல்லை என்கிற தகப்பன் மாதிரி.

தபால்காரம்மாவின் மகளுக்கு வயது எட்டு. வீட்டிலும் தெருவிலும் அவள் சுண்டு. அப்பா பேருந்து ஓட்டுநர். முதல் வண்டி அவருடையது என்பதால் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். அம்மா ஆறரைக்குப் போனால், கழுத்தில் சாவியோடு சுண்டு ஏழே முக்காலுக்குக் கதவைப் பூட்டுவாள். கீழ் வீட்டு அத்தை ஜன்னலிலிருந்து மணி ஆச்சு என்று ஒரு குரல் கொடுப்பாள். பூங்காவுக்குள் புகுந்து மறுபக்கக் கதவில் வெளியே வந்தால் பள்ளிக்கூடம், மொத்தம் பத்து நிமிடம். பூங்கா இல்லையென்றால் லாரிகள் ஓடும் பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டு இருபத்தைந்து நிமிடம். அங்கே நடைபாதை கிடையாது, வெள்ளைக் கோடு கூடக் கிடையாது.

பூங்காவுக்கு நாய்கள் வரும். அதனால் சுண்டுவுக்கு அட்டைகளைப் பாடம் பண்ண வைத்திருந்தாள் அம்மா. மாலையில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து அவள் எண்ணைச் சொல்ல, மகள் பின்னாலிருக்கும் வரியை ஒப்பிப்பாள். சில நாள் அந்த வரிகளுக்குப் பின்னால் சுண்டு கதை கட்டுவாள்: எண்பத்தாறாம் எண் நாய் முன்பு ஒரு ராஜாவாக இருந்தது, சாபத்தில் பேச்சு போய்விட்டது என்கிற மாதிரி. அட்டை இல்லாத நாயைப் பற்றிக் கேட்டால் அம்மாவிடம் ஒரே பதில் இருந்தது. அட்டை இல்லன்னா பயமில்ல.

அந்தச் செவ்வாய்க்கிழமை சுண்டுவின் முன்கையில் நாலு தையல் விழுந்தது.

தபால்காரம்மா ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பூங்காக் காவல்காரர் குழந்தையைக் குழாயடிக்குத் தூக்கிப் போய், சோப்பு போட்டுக் கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவி, ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். முதல் ஊசி போட்டாகிவிட்டது. இன்னும் மூன்றுக்குத் தேதி எழுதிக் கொடுத்திருந்தார்கள். எந்த நாய் என்று அம்மா கேட்டாள். பதில் தெரிந்ததும், அவள் கட்டைவிரல் சீருடை மடிப்பில் எதையோ தேடி அங்குமிங்கும் நகர்ந்தது.

பஞ்சு பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்ததாம். முன்னங்கால்களுக்கு நடுவே ஒரு ரப்பர் பந்து. கண் மூடியிருந்தது. சுண்டு பின்பக்கமாகப் போய்க் குனிந்து தலையைத் தடவினாளாம், அட்டை இல்லாத நாயாயிற்றே என்று. டாக்டர் பத்து அடி தள்ளி நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தாராம். இதையெல்லாம் சுண்டு அழாமல் சொன்னாள். அழ வேண்டிய நேரம் முடிந்துபோயிருந்தது. அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவளைத் தேற்றுகிற குரலில் சொன்னாள்.

"நீ சொன்னது முழிச்சிட்டு இருக்கற பஞ்சும்மா. இது தூங்கிட்டு இருந்த பஞ்சு. அதுக்கு நீ அட்டை எழுதல."

தபால்காரம்மா அன்று இரவு அட்டைக் கட்டை அவிழ்த்தாள். ஓட்டுநர், நாயையும் டாக்டரையும் ஒரே சங்கிலியில் கட்ட வேண்டும் என்று பொரிந்து தள்ளினார். அவள் காதில் எதுவும் விழவில்லை. முப்பத்தொரு அட்டைகளையும் தரையில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் எல்லாம் அவளுக்கு எழுதியவை. ஐந்தேகால் அடி உயரம், கால்களில் தடித்த பூட்ஸ், முன்னால் ஒரு பை, வாசலுக்கும் தபால் துளைக்கும் நடுவே நாற்பது விநாடி. அந்த நாற்பது விநாடியில் எந்த நாயும் தூங்கியதில்லை, தின்றதில்லை, பந்து வைத்துக்கொண்டதில்லை, குட்டிக்குப் பால் கொடுத்ததில்லை. ஒரு புத்தகத்தின் ஒரே ஒரு பக்கத்தைப் பதினோரு வருடம் மனப்பாடம் செய்துவிட்டு, முழுக்கதையும் தெரியும் என்று பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் அவள் வேலையில் ஒரு புதுமை செய்தாள். நாய் இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும், கம்பிக் கதவுக்கு வெளியே, பையைக் கீழே வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சுண்டுவின் உயரத்துக்கு வந்ததும் தெரு மாறிப்போயிற்று. மேலிருந்து பார்த்தபோது வெறும் வாலாகவும் முதுகாகவும் இருந்த நாய்களெல்லாம் கீழிருந்து பார்த்தால் வெறும் வாயாக இருந்தன. பத்தொன்பதாம் எண்ணில் ஒரு பழுப்பு நிறக் குட்டை நாய் உண்டு, நின்றால் அவள் முழங்காலுக்கு வராது. அதன் அட்டையில் 'வாலாட்டி' என்று ஒரே சொல்தான். அது இப்போது அவள் மூக்குக்கு நேரே மூக்கை வைத்து, உதட்டை ஒரு பக்கமாக மட்டும் தூக்கியது. வாலும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அந்த வீட்டம்மா வெளியே வந்து, என்னம்மா, ஏதாவது விழுந்துடுச்சா என்று கேட்டாள்.

ஆமாம், கொஞ்சம் விழுந்துவிட்டது, தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தாள் தபால்காரம்மா.

அன்று மாலை வீட்டில் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. பழைய முப்பத்தொன்றை அப்படியே வைத்துவிட்டு, புதிதாக ஐம்பத்துமூன்று அட்டைகள் வெட்டினாள். வீடில்லாமல் தெருவில் திரிகிறவையும் சேர்த்து, நாய் என்று பெயர் வாங்கிய ஒவ்வொன்றுக்கும் அட்டை. கண் தெரியாமல் வெயிலில் கிடக்கும் கிழட்டு நாய்க்கும் அட்டை. முதல் அட்டை ஐம்பத்தேழுக்கு. பின்பக்கம் எழுதும் வேலையைச் சுண்டுவிடமே விட்டாள். தையல் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் கோணல் மாணலாக அவள் எழுதினாள்: 'தூங்கினால் எழுப்பாதே. பந்து அதோடது. தொடணும்னா பல் டாக்டரைக் கேள். அவர் சரின்னு சொன்னாலும் பஞ்சுவைக் கேள்.'

பஞ்சுவை எப்படிக் கேட்பது என்று அப்பா கேட்டார். கையைச் சுருட்டித் தள்ளி வைத்துக்கொண்டு நின்றால், வேண்டுமென்றால் அதுவே வந்து மோந்து பார்க்கும். வராவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம், இதுகூடத் தெரியாதா என்றாள் மகள். ஓட்டுநர், பேருந்தில் ஏறுகிறவர்களுக்கே இந்த மரியாதை கிடைப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே படுக்கப் போனார்.

இன்னொரு சந்தேகம் பாக்கி இருந்தது. நாய் கேட்காமல் கொள்ளாமல் ஓடி வந்தால்? அதற்கு அம்மாவிடம் பழைய வித்தை இருந்தது. ஓடக் கூடாது, கத்தக் கூடாது, கண்ணைப் பார்க்கக் கூடாது. கையிரண்டையும் மார்போடு மடக்கிக்கொண்டு, சொந்தக் காலைப் பார்த்தபடி நிற்க வேண்டும். அவள் எழுந்து நின்று காட்டினாள். சீருடையின் சிவப்பு மேல்சட்டையை இன்னும் கழற்றியிருக்கவில்லை. சுண்டு தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "தபால் பெட்டி" என்றாள்.

பிறகு யோசித்துச் சேர்த்தாள்: "நாய் தபால் பெட்டியக் கடிச்சு யாராவது பாத்திருக்கீங்களா? காலத் தூக்கும். அவ்ளோதான்."

ஒரு வாரத்தில் அந்தத் தெருவின் பிள்ளைகள் எல்லோருக்கும் தபால் பெட்டி விளையாட்டு தெரிந்திருந்தது. ஒருத்தர் குரைத்துக்கொண்டு ஓடி வர வேண்டும், மற்றவர்கள் பெட்டியாக வேண்டும். சிரித்தால் அவுட்.

அதே வாரத்தில் பூங்கா வாசலில் பலகையும் வந்தது. பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் குழு கூடி யோசித்துப் பச்சைப் பெயின்டில் எழுதியிருந்தது: பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பெரியவர்கள் கையைப் பிடித்தபடி மட்டுமே உள்ளே வரலாம். ஓடக் கூடாது. கத்தக் கூடாது. பிராணிகளைத் தொந்தரவு செய்யக் கூடாது. நாய்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பலகையைத் தாண்டி உள்ளே பார்த்தால், பஞ்சு புல்வெளியில் கழுத்துப்பட்டை மட்டும் அணிந்து, உலகமே தன்னுடையது என்பது போல ஓடிக்கொண்டிருந்தது.

சுண்டு பலகையை எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தாள்.

"கடிச்சத அவுத்து விட்டுட்டு, கடி வாங்குனவளக் கட்டிப் போடறாங்களாம்மா?"

அந்த வாரம் முழுக்கச் சுண்டு லாரிச் சாலை வழியாகத்தான் பள்ளிக்குப் போனாள். ஒரு நாள் லாரி ஒன்று சேற்றை வாரி அடித்ததில் சட்டையெல்லாம் நனைந்து வந்தாள். இன்னொரு நாள், ஒரு லாரி ரொம்பப் பக்கத்தில் போனதாக அவள் சொல்லாமலே, கீழ் வீட்டு அத்தை சொன்னாள். பக்கத்தில் என்றால் எவ்வளவு பக்கத்தில் என்று அம்மா கேட்டதற்கு, அத்தை தன் உள்ளங்கையைச் சுவரிலிருந்து இரண்டு சாண் தள்ளிப் பிடித்துக் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் தபால் நிலையத்துக்கே வந்துவிட்டார். கையில் தட்டச்சு செய்த ஒரு தாள். ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டம். சில பேர் நாய்களைக் கட்ட வேண்டும் என்கிறார்கள். அதற்கு முன்னால் தபால்காரம்மாவின் கையெழுத்து வேண்டும். ஒன்பது வருடத்தில் ஐம்பத்தேழாம் எண் நாய்க்கு ஒரு முறை கூடச் சிவப்பு அட்டை வைத்ததில்லை என்று அந்தத் தாள் சொன்னது. குழந்தைக்கு நேர்ந்ததற்கு அவர் உண்மையிலேயே வருந்தினார். ஆஸ்பத்திரிக்கு வந்தார், சுண்டுவுக்குப் படம் போட்ட புத்தகம் வாங்கி வந்தார். ஆனால் குழந்தை தூங்குகிற பிராணியைத் தொட்டாளே, அது யாருடைய தப்பு என்று பூங்காவில் நாலு பேரிடம் கேட்கவும் செய்தார். இப்போது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில், மனைவி போன பிறகு வீட்டில் மூச்சு விடுகிற ஜீவன் அது ஒன்றுதான் என்றார். அட்டை விழுந்துவிட்டால் ஒரு நாள் யாராவது வந்து பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றார்.

தபால்காரம்மா தாளை முழுதாகப் படித்தாள்.

"இதுல இருக்கறது அத்தனையும் உண்மை, டாக்டர். அதனாலதான் கையெழுத்து போட மாட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். அந்த ஒன்பது வருடத்து உண்மையை நம்பித்தான் அவளுடைய மகள் கையை நீட்டினாள். அதே உண்மையை இன்னும் இருபது வீட்டுப் பிள்ளைகள் நம்புவதற்கு அவள் கையெழுத்துப் போட முடியாது. பஞ்சுவைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லி அவள் எங்கேயும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டாள். பூங்காவில் ஒரு கயிறு, அவ்வளவுதான். அவள் அட்டைக் கட்டை எடுத்து ஐம்பத்தேழை உருவிக் காட்டினாள். கோணல் எழுத்தைப் பார்த்ததும் டாக்டரின் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. அரசாங்கச் சீருடையைப் போட்டுக்கொண்டு சொந்தப் பகையைத் தீர்ப்பதாக மேலிடத்துக்குப் புகார் எழுதப் போவதாகச் சொன்னார். பிரிப்பு மேசைகளில் கைகள் நின்றுபோயின.

"எழுதுங்க. முகவரி தெளிவா எழுதி, ஸ்டாம்ப் சரியா ஒட்டுங்க. நானே பத்திரமாக் கொண்டு போய்ச் சேக்கறேன்."

அவர் போன பிறகு பக்கத்து மேசைக்காரர் மெதுவாக வந்து, எல்லா நாய்க்கும் அட்டை வைத்தால் கட்டைவிரலுக்கு என்ன வேலை, எல்லாமே ஆபத்து என்றால் எதுவுமே ஆபத்து இல்லை என்று ஆகிவிடாதா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவளும் கொஞ்சம் யோசித்தாள். பழைய முப்பத்தொன்று என் விரலுக்கு, புதிய ஐம்பத்துமூன்று என் மகளுக்கு என்றாள். இரண்டு கட்டுகளும் அவளிடம் தனித்தனியாகத்தான் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை பூங்காவின் நடுவில், தகரக் கூரைக்குக் கீழே, இருபது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். குழுவின் செயலாளரம்மா நோட்டுப் புத்தகத்தோடு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் ஒரு மணி நேரம் ஓடியது. நாய்க்காரர்கள் ஒரு பக்கம், பிள்ளைக்காரர்கள் ஒரு பக்கம், இரண்டும் வைத்திருந்தவர்கள் நடுவில் நெளிந்துகொண்டு. ஒவ்வொரு நாயும் அந்தந்த வீட்டில் குழந்தை மாதிரியாம். அப்படியென்றால் அதையும் கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள், பலகையில் போட்டிருக்கிறதே என்று பின்னாலிருந்து ஓட்டுநர் சொன்னார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

டாக்டர் எழுந்தார். பஞ்சு கொஞ்சம் தள்ளிச் செடிகளுக்கு நடுவே மோந்துகொண்டு திரிந்தது, கயிறு இல்லாமல். பேச்சு எதற்கு என்றார். கயிறு என்பது சொன்னால் கேட்காத நாய்க்கு. "நான் ஒரு சத்தம் குடுத்தாப் போதும், எங்க இருந்தாலும் வந்து நிப்பான்."

தபால்காரம்மா அப்போதுதான் முதல் முறையாக வாய் திறந்தாள். செயலாளரம்மாவின் அனுமதி கேட்டு, பிள்ளைகளைக் கூரைக்குள், பெரியவர்களுக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னாள். ஏழு பேர் இருந்தார்கள். விடுமுறை நாளானாலும் அவள் சீருடையில் வந்திருந்தாள். பலரும் அதைக் கவனித்து, ஜம்பத்துக்கு என்று நினைத்திருந்தார்கள். அவள் பையை மாட்டிக்கொண்டு புல்வெளியின் நடுவுக்கு நடந்து போனாள். பையைப் பார்த்ததும் பஞ்சு தலையைத் தூக்கியது. ஞாயிற்றுக்கிழமையில் தபால் வந்த ஆச்சரியத்தில் நாலு கால் பாய்ச்சலில் அவளை நோக்கி ஓடியது. அவள் நின்றாள். கைகளை மார்போடு மடக்கினாள். பூட்ஸ் நுனியைப் பார்த்தாள்.

"இப்பக் கூப்பிடுங்க, டாக்டர்."

டாக்டர் கூப்பிட்டார். பஞ்சுவின் ஒரு காது திரும்பியது, உடம்பு திரும்பவில்லை. அது பையை மோந்தது. இரண்டாவது தடவை கூப்பிட்டார். அது அவளைச் சுற்றி வந்து மறுபக்கமாக மோந்தது. மூன்றாவது அழைப்புக்கு முன்னங்கால்களை அவள் இடுப்பில் வைத்தது. கனம் தாங்காமல் அவள் அரை அடி பின்னால் சாய்ந்து, மறுபடி நேரானாள். எட்டு வயசுப் பிள்ளையாக இருந்தால் மல்லாந்து விழுந்திருக்கும் என்பது கூரைக்குள் இருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. நாலு என்று யாரோ ஒரு பிள்ளை எண்ணியது. ஐந்து, ஆறு என்று மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். டாக்டரின் குரல் கெஞ்சலுக்கு இறங்கி, அதட்டலுக்கு ஏறி, உடைந்தது. ஏழாவது அழைப்பில் பஞ்சு, இந்தப் பையிலிருந்து தனக்கு ஒன்றும் வரப்போவதில்லை என்று முடிவு செய்து, அவள் இடது பூட்ஸுக்குப் பக்கத்தில் வந்து, நிதானமாகக் காலைத் தூக்கியது.

தபால் பெட்டி அசையவில்லை.

கூரைக்குள் முதலில் சிரித்தது சுண்டுதான். பிறகு எல்லோரும். ஒன்பதாவது அழைப்பில் பஞ்சு டாக்டரிடம் போய், நல்ல பிள்ளையாக அவர் காலடியில் உட்கார்ந்தது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. தபால்காரம்மாவும் சிரிக்கவில்லை. ஈர பூட்ஸோடு நடந்து வந்து அவர் முன்னால் நின்றாள்.

"நீங்க ரெண்டாவது தடவை கூப்பிடறதுக்குள்ள என் பொண்ணு கையில நாலு தையல்."

அவர் பையைக் காட்டினார். பை வைத்து ஆசை காட்டினாள், இது ஏமாற்று வேலை, சும்மா நின்றிருந்தால் முதல் சத்தத்திலேயே வந்திருப்பான் என்றார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை. அவளும் ஒப்புக்கொண்டாள்.

"ஆமா, பை இருந்துச்சு. பிள்ளைங்க கையில பந்து இருக்கும், பிஸ்கட் இருக்கும், பூரான் புடிச்சு வெச்ச டப்பா இருக்கும். பூங்காவுக்கு வெறுங்கையோட யாரு வருவா?"

பிறகு அவள் ஐம்பத்துமூன்று அட்டைகளையும் செயலாளரம்மாவின் நோட்டுப் புத்தகத்தின் மேல் வைத்தாள். எந்த நாயையும் கெட்ட நாய் என்று இதில் எழுதவில்லை. எது எப்போது தொடப் பிடிக்காதது என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. விருப்பப்பட்டவர்கள் அவரவர் நாயின் அட்டையில் விட்டுப்போனதைச் சேர்க்கலாம் என்றாள். கொஞ்ச நேரம் யாரும் கை நீட்டவில்லை. பிறகு பத்தொன்பதாம் எண் வீட்டம்மா, குட்டை நாய்க்காரி, முன்னால் வந்து தன் அட்டையைத் தேடி எடுத்தாள். 'வாலாட்டும், நம்பாதே' என்பதற்குக் கீழே, காதைத் தொட்டால் கடிக்கும், எங்கள் பையனை ஒரு தடவை கடித்திருக்கிறது என்று எழுதினாள். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றாள். அதன் பிறகு பேனாவுக்கு வரிசை நின்றது.

ஆனால் குழு என்றால் குழுதான். விஷயத்தை ஆழ்ந்து பரிசீலித்து அடுத்த மாதக் கூட்டத்தில் முடிவெடுப்பது என்று செயலாளரம்மா எழுதிக்கொண்டாள். அதுவரை பலகை இருந்த இடத்தில் இருக்கும். வீட்டுக்கு நடக்கையில் ஓட்டுநர், ஒரு மாதம்தானே, பொறுத்துக்கொள்வோமா என்று கேட்டார். தபால்காரம்மா அத்தை காட்டிய இரண்டு சாணை நினைத்துக்கொண்டாள்.

"அந்த ரோட்டுல இன்னொரு நாள் கூடக் கிடையாது. நாளைக்குப் பூங்கா வழியாப் போறா."

திங்கட்கிழமை அவள் மேலதிகாரியிடம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கி, பூங்காவுக்கு எதிரே, மூடிய கடையின் படியில் உட்கார்ந்திருந்தாள். கூடப் போகப் போவதில்லை, பார்க்க மட்டும். கையைப் பிடித்துக் கூட்டிப் போனால் பலகை ஜெயித்துவிடும். ஏழு ஐம்பதுக்குச் சுண்டு தெருமுனையில் திரும்பினாள். முதுகில் புத்தகப் பை, கழுத்தில் சாவி, முன்கையில் தையல் பிரித்த இளஞ்சிவப்புத் தழும்பு. பின்னால் இன்னும் நாலு பிள்ளைகள். தபால்காரம்மாவின் கட்டைவிரல் மடியில் கிடந்த கடிதக் கட்டின் விளிம்பை வருடிக்கொண்டே இருந்தது.

வாசலில் காவல்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். சுண்டுவைக் குழாயடியில் கழுவிய அதே மனிதர். பலகையைச் சுட்டி, பெரியவர்கள் யாரும் வரவில்லையா, யார் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாய் என்று கேட்டார்.

சுண்டு நின்றாள். இரண்டு கைகளையும் மார்போடு மடக்கி, இடது கையால் வலது கையைத் தழும்புக்கு மேலாகப் பிடித்துக்கொண்டாள். பின்னால் நாலு பேரும் அதையே செய்தார்கள்.

"என் கையத்தான்."

காவல்காரர் அவளைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். வெயிலில் கண் கூசுகிறது, எழுத்தே தெரியவில்லை என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு, நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு, அவர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

பிள்ளைகள் உள்ளே போனார்கள். புல்வெளிப் பாதையில் எதிரே டாக்டர் வந்துகொண்டிருந்தார். அவர் கையில் நீலக் கயிறு ஒன்று இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. கடை மடிப்பு இன்னும் கலையாத புதுக் கயிறு. மறுமுனையில் பஞ்சு, இந்த அவமானத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல், பக்கவாட்டில் நடந்து வந்தது. சுண்டுவைக் கண்டதும் அவர் பாதையை விட்டு ஓரமாக விலகிக் கயிற்றைச் சுருக்கிப் பிடித்தார். சுண்டு தபால் பெட்டியாக ஒரு விநாடி நின்று பார்த்தாள். கயிறு இறுக்கமாக இருந்தது. கைகளைக் கீழே விட்டாள்.

பிறகு, பலகையில் கூடாது என்று எழுதியிருந்த முதல் காரியத்தை, மறுபக்கக் கதவு வரைக்கும் செய்தாள். ஓடினாள்.